சிறு குழந்தைகளோடு பண்ணையில் ஒரு பகல்: எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி – இருவரின் அம்மா

அனைவருக்கும் வணக்கம். வரும் விடுமுறையில் குடும்பத்தோடு ஒரு பண்ணைக்குச் சென்று, பகல் முழுவதையும் அங்கே கழித்துவிட்டுத் திரும்பலாம் என்று எண்ணியிருக்கிறோம். மாடு, செம்மறி, வெள்ளாடு, கோழி, வாத்து, முயல் ஆகியவற்றை வளர்ப்பதோடு பார்வையாளர்களையும் அனுமதிக்கிற பண்ணை அது. பிள்ளைகள் தம் கையாலேயே தீவனம் கொடுக்கலாம், கோழிக்குஞ்சுகளைத் தூக்கிப் பார்க்கலாம், பால் கறப்பதை அருகிலிருந்து பார்க்கலாம், டிராக்டர் இழுக்கும் வண்டியில் ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று சொல்கிறார்கள். கறந்த பாலை அங்கேயே குடிக்கக் கொடுப்பதும் உண்டாம்.

எங்களோடு வரவிருப்பவர்கள் மூன்று பிள்ளைகள். ஒன்றரை வயது மகன் கையில் கிடைக்கும் எதையும் நேரே வாய்க்குக் கொண்டுபோவான். நான்கு வயது மகளுக்குப் படப்புத்தகத்தில் இருக்கிற எல்லா விலங்குகளின் மேலும் கொள்ளை ஆசை. ஆனால் தெருமுனையில் ஒரு நாய் குரைத்தால்கூட என் இடுப்பில் ஏறிக்கொள்வாள். அண்ணன் மகளுக்கு ஏழு வயது. கால் மணி நேரத்திற்கு மேல் ஒரே இடத்தில் நின்றால் "வீட்டுக்குப் போகலாமா?" என்று கேட்கத் தொடங்கிவிடுவாள். இவர்களைத் தவிர முழங்கால் வலியுள்ள என் அப்பாவும் வருகிறார்.

வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. அண்ணி, பண்ணை விலங்குகளைத் தொட்டு நோய்வாய்ப்பட்ட குழந்தைகளைப் பற்றி எங்கோ படித்துவிட்டு, வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தால் போதும் என்கிறார். என் கணவரோ, அப்படிப் பார்ப்பதற்குத் தொலைக்காட்சியே போதுமே, எதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கேட்கிறார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. எந்த நேரத்தில் போவது, எவ்வளவு நேரம் இருப்பது, எந்த விலங்கை யார் தொடலாம், பயப்படுகிற குழந்தையை எப்படிப் பழக்குவது ஆகியவற்றைப் பற்றி அனுபவமும் விவரமும் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1 – தொழுவத்துக்காரர்

வணக்கம் அம்மா. பார்வையாளர்கள் வந்துபோகிற ஒரு பண்ணையில்தான் நான் வேலை பார்க்கிறேன். ஆகவே, வருகிறவர்களின் பக்கத்திலிருந்து மட்டுமல்லாமல் விலங்குகளின் பக்கத்திலிருந்தும் சில செய்திகளைச் சொல்ல முடியும்.

பகல் முழுவதும் இருக்க வேண்டும் என்பது பெரியவர்களின் ஆசை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இரண்டு, மூன்று மணி நேரமே தாராளம். அதற்குமேல் அழுகைக்கும் தூக்கத்திற்கும்தான் நேரம் போகும். பண்ணை திறக்கிற நேரத்திற்கே வந்துவிடுங்கள். காலையில் விலங்குகள் பசியோடு இருக்கும், தீவனத்தைத் தேடி வேலியோரம் வரும், கூட்டமும் குறைவாக இருக்கும். நண்பகலை நெருங்கும்போது மாடுகள் வயிறு நிறைந்து படுத்து அசைபோடத் தொடங்கிவிடும். காலை முழுவதும் ஐம்பது கைகளிலிருந்து தீனி வாங்கித் தின்ற வெள்ளாடு ஐம்பத்தோராவது கையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அந்த நேரத்தில் வருகிற குழந்தைக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

முன்கூட்டியே பண்ணைக்குத் தொலைபேசியில் அழைத்துச் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். விலங்குகள் இருக்கும் இடத்திலிருந்து வெளியேறும் வழியிலேயே சோப்பும் ஓடுகிற தண்ணீரும் குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றனவா? சாப்பிடும் இடம் தனியாக இருக்கிறதா? சாணக்குழிக்கும் குளத்திற்கும் குழந்தை நுழைய முடியாத வேலி இருக்கிறதா? டிராக்டர் வண்டியில் உட்காரும் பலகையும் பக்கத் தடுப்பும் இருக்கின்றனவா? இவற்றோடு நான் சேர்க்க விரும்புகிற இன்னொரு கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. தொட்டுப் பார்க்க விடுகிற விலங்குகளுக்கு, மனிதர் கை எட்டாத இடத்திற்கு விலகிப்போக வழி இருக்கிறதா என்று கேளுங்கள். ஆட்டுப்பட்டியின் ஒரு பகுதியைப் பார்வையாளர் நுழையாதவாறு மறைத்து வைத்திருக்கிற பண்ணையில், குழந்தையிடம் வருகிற ஆடு தானே விரும்பி வருகிறது என்று நம்பலாம். விலக வழியில்லாத விலங்குதான் முட்டும், கடிக்கும். அத்தகைய இடத்திற்கு என் பிள்ளையை நான் அழைத்துப் போக மாட்டேன்.

அணுகும் முறைக்கு வருகிறேன். மாட்டின் கண்கள் தலையின் இருபக்கமும் இருப்பதால் அது ஏறக்குறைய தன்னைச் சுற்றிலும் பார்க்கும். நேர் பின்னால் இருப்பது மட்டும் அதற்குத் தெரியாது. பின்னாலிருந்து திடீரென்று சத்தம் கேட்டால் உதைக்கும், அந்த உதை பக்கவாட்டிலும் முன்னோக்கியும் வளைந்து வரும் என்பதால் விலாப்பக்கம் நிற்பவருக்கும் படலாம். ஆகவே எப்போதும் தோள் பக்கமாக, மெதுவாகப் பேசிக்கொண்டே போக வேண்டும். குட்டியோ கன்றோ கூட இருக்கிற தாய் விலங்கு எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் வேலிக்கு உள்ளே போகக் கூடாது. பலரும் அஞ்சுவது மாட்டைத்தான். நான் அதிகம் கவனித்துக்கொண்டிருப்பது சேவலையும் பெரிய வாத்துகளையும். குழந்தை குந்தி உட்கார்ந்தால் அதன் முகம் சரியாக அவற்றின் அலகு உயரத்தில் இருக்கும், ஓடினால் அவை துரத்தவும் செய்யும். மின்வேலி இருக்கும் இடத்தையும் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள். விட்டுவிட்டுத் துடிப்பாக வருகிற அந்த மின்சாரம் உயிரைப் பறிக்காது என்றாலும் நன்றாக வலிக்கும்.

தீவனம் கொடுக்கும்போது உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, விரல்களை ஒட்டி வைத்து, கட்டைவிரலையும் பக்கத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். விரல் நுனியில் பிடித்துக் கொடுத்தால் விலங்குக்கு விரலும் கேரட்டும் ஒன்றுதான். முதல் முறை குழந்தையின் கைக்கு அடியில் உங்கள் கையை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டின் உதடுகள் உள்ளங்கையைத் துழாவும்போது குழந்தை சட்டென்று கையை இழுத்துக்கொள்ளாமல் இருக்க அதுவே போதும். பண்ணையில் கொடுக்கிற தீவனத்தைத் தவிர வேறெதையும் கொடுக்காதீர்கள். ரொட்டி, பிஸ்கட், தானியம் போன்ற மாவுப்பொருள்கள் அதிகமாகப் போய்ச் சேர்ந்தால், அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் அமிலம் பெருகிவிடும், விலங்கு செத்தும் போகலாம். ஆளுக்கு ஒரு துண்டுதானே என்று தோன்றும். ஆனால் அன்றைக்கு வருகிற எல்லோருமே அப்படி நினைத்துத்தான் கொடுக்கிறார்கள். பன்றிகள் இருக்கிற பண்ணையானால் மீந்த உணவைப் போடவே கூடாது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நாடு விட்டு நாடு பரவுவதற்கு, இறைச்சி கலந்த மீந்த உணவு ஒரு முக்கிய வழி.

முயலைத் தூக்க வேண்டாம். குழந்தையைத் தரையில் உட்கார வைத்து, பண்ணையாள் மடியில் வைக்கட்டும். முயல் மிரண்டு பின்னங்கால்களை உதறும்போது அதன் முதுகெலும்பே முறிந்துவிடுவதுண்டு.

பதில் 2 – குழந்தைநல மருத்துவர்

மேலே நண்பர் எழுதியவை மிகவும் பயனுள்ளவை. தங்கள் அண்ணியின் கவலையைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், ஏனெனில் அது ஆதாரமற்ற கவலையன்று.

பார்ப்பதற்கு முழு நலத்துடன் இருக்கிற மாடு, ஆடு ஆகியவற்றின் சாணத்திலும் புழுக்கையிலும் ஈ.கோலை ஓ157 என்னும் பாக்டீரியா இருக்கக்கூடும். கன்றுகளும் ஆட்டுக்குட்டிகளும் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியையும், கோழி, வாத்து வகைகள் சால்மொனெல்லாவையும் வெளியேற்றலாம். ஈ.கோலை ஓ157 மிகச் சிறிய அளவில் வயிற்றுக்குள் போனாலே நோயை உண்டாக்கும் ஆற்றல் உடையது. பெரியவர்களுக்குச் சில நாள் வயிற்றுப்போக்கோடு முடிந்துவிடுவது, ஐந்து வயதுக்கு உட்பட்ட சிலருக்குச் சிறுநீரகங்களையே செயலிழக்கச் செய்யும் நிலைவரை போவதுண்டு. 2009ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பார்வையாளர்களுக்குத் திறந்திருந்த ஒரு பண்ணையின் மூலம் 93 பேருக்கு இத்தொற்று ஏற்பட்டது, அவர்களில் பெரும்பாலோர் சிறு குழந்தைகள். தங்கள் அண்ணி படித்தது அதைப் பற்றியோ அதைப் போன்ற வேறொன்றைப் பற்றியோ இருக்கலாம்.

ஆயினும், இத்தொற்று தோல் வழியாகப் புகுவதில்லை, வாய் வழியாகவே புகுகிறது. ஆகவே தொடலாமா கூடாதா என்று வாதிடுவதைவிட, தொட்ட கை வாய்க்குப் போகும் வழியை அடைப்பதில் கவனம் செலுத்துவதே பயன் தரும். விலங்கையே தொடாத குழந்தையும் ஆடு நக்கிய வேலிக்கம்பியைப் பிடித்துவிட்டு விரல் சூப்பினால் தொற்றைப் பெறலாம். வேலிக்கு வெளியே நின்று பார்ப்பது மட்டும் பாதுகாப்பாகிவிடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கையைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் குறைந்தது 20 விநாடி தேய்த்துக் கழுவி, நன்றாகத் துடைக்க வேண்டும். சானிடைசர் இதற்கு மாற்றாகாது. அழுக்குப் படிந்த கையில் அது சரியாக வேலை செய்வதில்லை, கிரிப்டோஸ்போரிடியத்தை அது அழிப்பதும் இல்லை. ஈரத் தாளால் துடைப்பதும் அப்படியே. விலங்குகள் இருக்கும் பகுதியை விட்டு வெளியேறியதும், உண்பதற்கு முன்பும், காலணிகளைக் கழற்றிய பின்பும் கழுவ வேண்டும். குழந்தை தானே கழுவிக்கொள்ளும் என்று விட்டுவிடாமல் பெரியவர் ஒருவர் அருகில் நின்று, விரல் இடுக்குகளையும் நக இடுக்குகளையும் தேய்த்துவிடுவது நல்லது. தம் கையையும் கழுவிக்கொள்ள வேண்டும் என்பது பெற்றோர் பலருக்கு அந்தப் பரபரப்பில் நினைவுக்கு வருவதில்லை.

தங்கள் மகனைப் பொறுத்தவரை, விலங்குகள் உள்ள பகுதியில் அவனைத் தரையில் விடாமல் தூக்கிக்கொண்டோ உடலோடு கட்டிக்கொள்ளும் பையில் வைத்தோ இருப்பதே என் பரிந்துரை. பால் புட்டி, வாயில் வைக்கும் நிப்பிள், கையில் பிடித்துக்கொள்ளும் பொம்மை ஆகியவை அந்தப் பகுதிக்குள் வரவே வேண்டாம். கீழே விழுந்ததைத் துடைத்துவிட்டு மறுபடி வாயில் கொடுப்பது வீட்டில் பரவாயில்லை, பண்ணையில் கூடாது. தள்ளுவண்டியின் சக்கரங்களில் ஒட்டிய சாணம் வீட்டு நடுக்கூடம்வரை வந்து சேரும் என்பதால் அதையும் வாயிலிலேயே விட்டுச் செல்லலாம்.

கோழிக்குஞ்சுகளை ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் கையில் எடுக்காமல் இருப்பதே நல்லது. இதில் நான் சற்றுக் கண்டிப்பாகவே இருப்பேன். அவ்வளவு மென்மையான ஒன்றைக் கையில் எடுத்த குழந்தை அதை முகத்தோடு அணைக்காமல் இருக்காது. ஏழு வயதுப் பெண் முத்தமிடக் கூடாது என்ற நிபந்தனையோடு எடுத்துப் பார்த்துவிட்டுக் கை கழுவட்டும். மற்ற இருவரும் அவள் கையில் இருப்பதைப் பார்க்கட்டும்.

கறந்த பாலைக் காய்ச்சாமல் எவருக்கும் கொடுக்க வேண்டாம். பாலைப் பாஸ்டரைஸ் செய்வது என்பது 72 பாகை செல்சியஸில் 15 விநாடியோ, 63 பாகையில் 30 நிமிடமோ சூடாக்கி நோய்க்கிருமிகளை அழிப்பதாகும். வீட்டில் பொங்கும்வரை காய்ச்சினால் அதே நோக்கம் நிறைவேறிவிடும். மடியிலிருந்து வெதுவெதுப்பாக வருகிற பாலுக்கு அத்தகைய பாதுகாப்பு ஏதும் இல்லை.

குடும்பத்தில் கருவுற்றிருப்பவர் எவரேனும் உடன் வருவதாக இருந்தால், அவர் ஈனும் நிலையிலுள்ள ஆடுகளையும் அப்போதுதான் பிறந்த குட்டிகளையும் நெருங்கக் கூடாது. ஆடுகளில் கருச்சிதைவை உண்டாக்கும் சில கிருமிகள் மனிதக் கருவையும் பாதிக்கக்கூடியவை. இளைப்புள்ள குழந்தைக்கு வைக்கோல் தூசு ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதால் இன்ஹேலரை மறக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும்.

வந்த பிறகும் சில நாள் கவனம் தேவை. ஈ.கோலை ஓ157 பெரும்பாலும் மூன்று, நான்கு நாள்களில் வெளிப்படும், பத்து நாள்வரைகூட ஆகலாம். கிரிப்டோஸ்போரிடியத்திற்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். மலத்தில் இரத்தம் தென்பட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை வெளிறிச் சோர்ந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். பண்ணைக்குச் சென்றுவந்ததை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். வீட்டில் மீந்திருக்கும் ஆன்டிபயாடிக் மருந்தையோ வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையையோ தாமாகக் கொடுத்துவிடாதீர்கள், இந்தத் தொற்றில் அவை சிறுநீரகப் பாதிப்பின் வாய்ப்பைக் கூட்டக்கூடும்.

பதில் 3 – மண்வாசனை

மருத்துவர் ஐயா மன்னிக்க வேண்டும். இவற்றையெல்லாம் படித்தால் பண்ணைக்குப் போகிற ஆசையே போய்விடும் போலிருக்கிறது. மாட்டுத் தொழுவத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் குறைவு என்று ஆராய்ச்சியாளர்களே சொல்கிறார்களே? கொஞ்சம் மண்ணும் சாணமும் படட்டும் என்று விடுவதுதானே பிள்ளைகளுக்கு நல்லது? எதற்கெடுத்தாலும் சோப்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினால் குழந்தைக்கு நினைவில் நிற்பது ஆடா, சோப்பா?

பதில் 4 – குழந்தைநல மருத்துவர்

தங்கள் கேள்வி நியாயமானதே. அந்த ஆராய்ச்சிகள் உண்மையானவை. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் வாழ்கிற, மரபணு வழியில் நெருங்கிய இரண்டு வேளாண் சமூகங்களை ஒப்பிட்டார்கள். வீட்டை ஒட்டிய தொழுவங்களில் பழைய முறைப்படி மாடு வளர்க்கிற ஆமிஷ் மக்களின் குழந்தைகளிடையே ஆஸ்துமா 5 விழுக்காடாக இருந்தது. வீட்டிலிருந்து தள்ளி இயந்திரமயமான பெரும்பண்ணைகளை நடத்துகிற ஹட்டரைட் மக்களின் குழந்தைகளிடையே அது 21 விழுக்காடாக இருந்தது. வீட்டுத் தூசியில் கலந்திருந்த நுண்ணுயிர்ப் பொருள்களையே அதற்கு முக்கியக் காரணமாகக் கருதினார்கள்.

ஆனால் அந்தக் குழந்தைகள் பிறந்தது முதல் அன்றாடம் அந்தக் காற்றைச் சுவாசித்து வளர்ந்தவர்கள். ஒரு காலைப்பொழுது பண்ணையில் நின்றுவிட்டு வருவதால் அந்தப் பயன் கிடைத்துவிடாது. அன்றாடம் விலங்குகளோடு பழகுகிற குடும்பங்களின் குழந்தைகளுக்கு ஓரளவு உருவாகியிருக்கக்கூடிய எதிர்ப்பு ஆற்றலும் முதல்முறை செல்கிற குழந்தைக்கு இராது. காற்றில் வருகிற தூசி வேறு, வாய்க்குள் போகிற சாணம் வேறு. சட்டை அழுக்காகட்டும், முழங்கால் மண்ணாகட்டும், அதில் எனக்கும் மறுப்பில்லை. சோப்போடு பின்னால் ஓடத் தேவையில்லாமல், கழுவுகிற நேரங்களை முன்பே வகுத்துக்கொண்டால் இடைப்பட்ட நேரத்தில் குழந்தையை நிம்மதியாக விட்டுவிடலாம் என்பதே என் கருத்து.

பதில் 5 – பேத்திகளின் பாட்டி

அன்புள்ள மகளுக்கு, உன் நான்கு வயதுப் பெண்ணைப் பற்றியும் ஏழு வயதுப் பெண்ணைப் பற்றியும் யாரும் எழுதவில்லை, ஆகவே நான் எழுதுகிறேன்.

பயப்படுகிற குழந்தையிடம் "பயப்படாதே, ஒன்றும் செய்யாது" என்று சொல்வதால் பயம் போகாது. ஏதோ செய்யக்கூடியது போலிருக்கிறது, அதனால்தான் அம்மா இப்படிச் சொல்கிறாள் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக நடக்கப்போவதைச் சொல்லிவிடு. "மாடு நாக்கை நீட்டும், அது ஈரமாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும், பிறகு மூச்சு விடும், கையில் சூடாகப் படும்" என்று முன்கூட்டியே தெரிந்துகொண்ட குழந்தைக்கு, நாக்கு நீளும்போது அச்சத்தைவிட ஆர்வம் மேலோங்கும். அவளைத் தூக்கி மாட்டின் முகத்துக்கு நேரே நீட்டவே கூடாது. விலகிப்போக முடியாத விலங்குதான் முட்டும் என்று முதலில் எழுதியவர் சொன்னாரே, குழந்தைக்கும் அது பொருந்தும். தன் காலில் நின்றுகொண்டு, வேண்டுமானால் பின்வாங்கலாம் என்ற தைரியம் இருந்தால்தான் அவள் ஓரடி முன்னே வைப்பாள்.

எதிலிருந்து தொடங்குவது என்பதும் முக்கியம். சிறியதாக இருப்பதால் வெள்ளாட்டுக்குட்டிதான் எளிது என்று பலர் நினைக்கிறார்கள். அது துள்ளும், மேலே ஏறும், பாவாடையைக் கடித்து இழுக்கும். வேலிக்கு அப்பால் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கிற பெரிய பசுமாடு, நாயைக் கண்டு அஞ்சுகிற குழந்தைக்கு அதைவிட எவ்வளவோ மேல், ஏனென்றால் அது பாய்வதில்லை. அன்று முழுவதும் கோழிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவள் சொன்னால் பார்த்துக்கொண்டிருக்கட்டும். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற கணக்கைக் குழந்தையின் மேல் சுமத்தாதே.

பெரியவளுக்குச் சலிப்பு வராமலிருக்க, கண்டுபிடிப்பதற்கு ஏதாவது கொடு. படுத்திருக்கிற மாட்டின் எதிரே சற்றுத் தள்ளி நிற்கச் சொல். மென்று கொண்டிருந்த மாடு திடீரென்று நிறுத்தும், கழுத்து வழியே ஓர் உருண்டை கீழே இறங்குவது தெரியும். சில நொடிகள் சும்மா இருக்கும். பிறகு இன்னோர் உருண்டை கீழிருந்து மேலேறி வாய்க்கு வரும், தாடை பக்கவாட்டில் மறுபடி அரைக்கத் தொடங்கும். ஒரு கவளத்தை ஐம்பது, அறுபது தடவை மெல்லும். அதை எண்ணச் சொன்னால் கால் மணி நேரம் போவதே தெரியாமல் நிற்பாள். என் பேத்திகள் இரண்டு மாடுகளுக்கு இடையே போட்டியே வைத்துவிட்டார்கள், வீட்டுக்குக் கிளப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இருக்கின்றனவா என்று கேள். இல்லை, அங்கே கெட்டியான ஈறு மட்டுமே உண்டு. நாக்கால் புல்லை வளைத்து இழுப்பதை அவளே பார்த்துக் காரணத்தைச் சொல்லிவிடுவாள். பசுவின் மடியில் எத்தனை காம்பு, ஆட்டின் மடியில் எத்தனை என்று எண்ணட்டும். நான்கும் இரண்டும் வரும். மாடு எழுந்திருக்கும்போது பின்பக்கத்தை முதலில் தூக்குகிறதா, முன்பக்கத்தையா? அங்கே குதிரை இருந்தால் அது எப்படி எழுகிறது? இரண்டும் நேரெதிர். மாடு பின்னங்கால்களை முதலில் ஊன்றும், குதிரை முன்னங்கால்களை. ஆட்டின் கண்மணி படுக்கைக்கோடாக இருக்கும். தலையைக் குனிந்து மேயும்போதும் அந்தக் கோடு தரைக்கு இணையாகவே இருக்கும்படி விழி சுழன்றுகொள்ளும். இதைப் பெரியவர்களிலேயே எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

கேள்விகளுக்கும் தயாராக இரு. கன்றை ஏன் தனியாகக் கட்டியிருக்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்காமல் இருக்க மாட்டார்கள். கன்று போட்டதால்தான் பசுவுக்குப் பால் சுரக்கிறது, அந்தப் பாலை மனிதர்களுக்காகக் கறக்கிறார்கள், அதனால் பல பண்ணைகளில் கன்றைப் பிரித்துத் தனியாகப் பால் புகட்டி வளர்க்கிறார்கள் என்று உள்ளதைச் சொல்லிவிடு. இந்தக் கோழியைத்தான் சாப்பிடுகிறோமா என்று கேட்டாலும் ஆமாம் என்பதே விடை. மழுப்பினால் அதையே வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வருவார்கள்.

இருவரின் அம்மா

அனைவருக்கும் மிக்க நன்றி. பதில்களை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். அண்ணியும் என் கணவரும் தத்தம் கட்சிக்கே வெற்றி என்று சொல்லிக்கொள்கிறார்கள், ஆகையால் பயணம் உறுதியாகிவிட்டது. காலையில் பண்ணை திறக்கும்போதே போய்ச் சேர்ந்து, மகன் தூங்கும் நேரத்திற்கு முன்பு கிளம்பிவிடுவதாகத் திட்டம். பால் கறப்பதைப் பார்ப்பதற்கும் குஞ்சுகளுக்கும் முதலிடம் கொடுத்து, நேரமிருந்தால் மற்றவை.

இன்னும் இரண்டு ஐயங்கள். அப்பாவால் மேடுபள்ளத்தில் அதிக நேரம் நடக்க இயலாது. அவரை எங்கே உட்கார வைப்பது? உணவை முதலிலேயே முடித்துக்கொள்வதா, கடைசியிலா? இது போக, கோழி இட்ட முட்டையை எடுத்து வந்து வீட்டில் குஞ்சு பொரிக்க வைக்கலாமா என்று ஏழு வயதுக்காரி கேட்கிறாள்.

பதில் 6 – தொழுவத்துக்காரர்

உணவைப் பண்ணைக்குள் நுழைவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். அப்போது எல்லோர் கையும் சுத்தமாக இருக்கும், பசியில் குழந்தைகள் சிணுங்கவும் மாட்டார்கள். உள்ளே இருக்கும்போது எதையும் கொறிக்க வேண்டாம். தண்ணீர் தேவைப்பட்டால் வெளியே வந்து, கை கழுவிவிட்டுக் குடிக்கட்டும். டிராக்டர் வண்டிச் சுற்றைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். களைத்த பிள்ளைகள் உட்கார்ந்துகொண்டே போகலாம். ஓட்டுநரின் பக்கத்தில், சக்கரத்தின் மேல்மூடியில் குழந்தையை ஏற்றிக்கொள்வதாக யாராவது அன்போடு சொன்னாலும் மறுத்துவிடுங்கள். டிராக்டரில் குழந்தைகளுக்கு நேர்கிற மோசமான விபத்துகளில் பல, அப்படிப்பட்ட இடத்திலிருந்து தவறி விழுவதால் நேர்பவை. பின்னால் இழுக்கப்படும் வண்டியிலும் அது நிற்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது.

அப்பாவுக்குப் பால் கறக்கும் இடம்தான் வசதி. அங்கே தரை சமமாக இருக்கும், நாற்காலி கேட்டால் கொடுப்பார்கள். அவ்வப்போது கழுவிவிடுவதால் தரை ஈரமாக இருக்கும், வழுக்காத அடிப்பாகமுள்ள மூடிய காலணி அவருக்கும் பிள்ளைகளுக்கும் அவசியம். கறவை எத்தனை மணிக்கு என்று முன்பே கேட்டு, அதற்குச் சற்று முன்னதாக அவரை அங்கே உட்கார வைத்துவிட்டால், மற்றவர்கள் சுற்றிவிட்டு வந்து சேர்ந்துகொள்ளலாம். ஆளுக்கொரு மாற்று உடை எடுத்து வாருங்கள். திரும்பும்போது காலணிகளைத் தனிப் பையில் கட்டி வண்டியின் பின்பக்கம் வைத்துவிடுங்கள். அதே நாளில் வேறொரு பண்ணைக்குப் போகும் எண்ணம் இருந்தால் அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள், கோமாரி போன்ற நோய்கள் காலணியில் ஒட்டிய சேற்றோடு ஒரு பண்ணையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும்.

முட்டை விஷயம். சேவல் சேராத கோழியும் முட்டையிடும், ஆனால் அதிலிருந்து குஞ்சு வராது. சேவலோடு இருந்த கோழியின் முட்டையானாலும் 21 நாள், ஏறக்குறைய 37.5 பாகை சூட்டில், காய்ந்துவிடாத ஈரப்பதத்தோடு, நாள்தோறும் பலமுறை திருப்பிவிட்டு அடைகாக்க வேண்டும். பொரித்த பிறகு அந்தக் குஞ்சு சேவலாக வளர்ந்தால் விடியுமுன் எழுப்பிவிடும் என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். பல பண்ணைகளில் அடைகாப்பான் பெட்டி வைத்திருப்பார்கள். 20, 21ஆம் நாளில் இருக்கிற முட்டைகள் அன்றைக்கு இருந்தால், குஞ்சு உள்ளிருந்து ஓட்டைக் கொத்துகிற சத்தத்தைக் கேட்கலாம். எந்தத் தேதியில் பொரிக்கும் என்று அவர்களிடம் எழுதி வைத்த கணக்கு இருக்கும். தொலைபேசியில் அழைக்கும்போது அதையும் விசாரித்து, அந்த நாளுக்கே வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.